புரோச்சைக் கையில் வாங்கியதும் கவிழ்த்துப் பாருங்கள்

இங்கிலாந்தில் எந்தச் சின்ன ஊர் ஏலக்கூடத்துக்குப் போனாலும் சரி, ஏலத்துக்கு முந்தின நாள் சாமான்களைப் பார்க்க விடுவார்கள் இல்லையா, அன்றைக்கு நகைப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறவர்களில் யார் தொழில்காரர், யார் புதிது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். புதிதாக வந்தவர் புரோச்சை, அதாவது துணியில் குத்திக்கொள்ளும் ஊசி நகையை, கையில் வாங்கியதும் வெளிச்சத்தில் பிடித்து, சாய்த்து, கல் மினுங்குகிறதா என்று பார்ப்பார். தொழில்காரர் வாங்கிய கையோடு கவிழ்த்துவிடுவார். ஊசி, கீல், கொக்கி, முத்திரை, பற்று வைத்த தடம் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் முன்பக்கம் திரும்பும். நான் பல ஏலங்கள் பார்த்துக் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான். மீதி எல்லாம் இதிலிருந்து வருகிறது.

புரோச் மறுபடி வந்துவிட்டது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1960, 70-களில் துணி மெலிந்து, கோட்டும் தொப்பியும் அன்றாட உடுப்பிலிருந்து விலகியபோது புரோச்சும் பாட்டியின் பெட்டிக்குள் போய்விட்டது. விடாமல் குத்திக்கொண்டிருந்தவர்கள் சிலர்தான், எலிசபெத் ராணி கடைசிவரை. மேடலின் ஆல்பிரைட் ஐ.நா.வில் அமெரிக்கத் தூதராக இருந்தபோது இராக் பத்திரிகை அவரைப் பாம்பு என்று திட்டியது. அடுத்த முறை இராக் அதிகாரிகளைச் சந்திக்கப் போனபோது தங்கப் பாம்பு புரோச் ஒன்றைக் குத்திக்கொண்டு போனார். 2019 செப்டம்பர் 24 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத் தலைவர் லேடி ஹேல், நாடாளுமன்றத்தை முடக்கியது சட்டவிரோதம் என்று தீர்ப்பை வாசித்தார். அன்று ஊரே பேசியது தீர்ப்பையும், அவர் தோளில் இருந்த பெரிய சிலந்தி புரோச்சையும். இப்போது ஆண்களும் வந்துவிட்டார்கள். சிலியன் மர்ஃபி, கோல்மன் டொமிங்கோ, ஏட்ரியன் பிராடி என்று ஆஸ்கர் மேடைக்குப் போகிறவர்களின் கோட்டு மடிப்பில் புரோச் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

நமக்கும் இது புதிதில்லை. அம்மாவின் கல்லூரிக் காலப் படத்தில், இடது தோளில், சேலைத் தலைப்பையும் ரவிக்கையையும் சேர்த்துக் குத்திய ஓர் இலை வடிவப் புரோச் இருக்கிறது. எனக்கு இந்த ஆசை தொற்றியது அந்தப் படத்திலிருந்துதான்.

புதுப் புரோச் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஏலத்துக்கு ஏன் போக வேண்டும் என்றால், நூறு வருடத்துக்கு முன் கையால் செய்த வெள்ளிப் புரோச் ஒன்று, இன்றைய கடையில் அச்சில் வார்த்த புரோச்சின் விலைக்கே அங்கே கிடைத்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. தங்கம் விலை இப்படி ஏறிக் கிடக்கும்போது பழைய 9 காரட் புரோச்சுகளை எடைக்கு வாங்கி உருக்கிவிடுகிறார்கள். விரும்பி அணிகிற ஒருவர் அந்த எடை விலைக்கு மேல் கொஞ்சம் கொடுக்கத் தயாராக இருந்தால் அந்த ஒரு புரோச் உலைக்குப் போகாமல் தப்பும்.

எதில் தொடங்கலாம்

வைரத்தில் தொடங்காதீர்கள். வைரம் வைத்த புரோச் வந்தால் கூடத்தில் இருக்கும் அத்தனை வியாபாரிகளும் லென்ஸோடு வந்திருப்பார்கள், அவர்களோடு போட்டி போட்டு நாம் மலிவாக எடுக்கப் போவதில்லை. வெள்ளியில் தொடங்குங்கள். விக்டோரியா காலத்தின் கடைசி இருபது வருடத்தில் பெண்களின் பெயர் பொறித்த வெள்ளிப் புரோச்சுகள் பெரிய மோகமாக இருந்தன, ஆனி, மேரி, ஃபுளோரன்ஸ் என்று. அவை இன்றும் நிறைய வருகின்றன. முதல் உலகப் போருக்குப் போன சிப்பாய்கள் தங்கள் படைப்பிரிவின் சின்னத்தைச் சின்னதாகச் செய்து காதலிக்கும் அம்மாவுக்கும் கொடுத்த புரோச்சுகள், ஸ்காட்லாந்தின் வண்ண அகேட் கல்லைப் பட்டை பட்டையாக வெட்டி வெள்ளியில் பதித்தவை, நார்வேயில் ஆஸ்லோவின் டேவிட்-ஆண்டர்சன் போன்ற பட்டறைகள் செய்த எனாமல் (உலோகத்தில் சுட்டுப் படியவைத்த வண்ணக் கண்ணாடிப் பூச்சு) இலைகளும் வண்ணத்துப்பூச்சிகளும், இவை எல்லாம் சம்பளக்காரர் எட்டிப் பிடிக்கக்கூடியவை.

விக்டோரியா காலம் என்றால் கறுப்புப் புரோச் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1861 டிசம்பரில் இளவரசர் ஆல்பர்ட் இறந்த பிறகு ராணி விக்டோரியா வாழ்நாள் முழுக்கத் துக்க உடையிலேயே இருந்தார். ஊரும் அவரைப் பார்த்துக் கறுப்பு நகைக்கு மாறியது. அதில் உயர்ந்தது யார்க்ஷயர் கடற்கரையில் விட்பி என்ற ஊரில் கிடைக்கும் ஜெட். கல்போல இருக்கும், உண்மையில் பல கோடி வருடம் புதைந்து கிடந்த மரம். ஆனால் ஏலத்தில் ஜெட் என்று வருவதெல்லாம் ஜெட் இல்லை. கையில் எடுத்ததும் சில்லென்று கனத்தால் அது கறுப்புக் கண்ணாடி, அதற்கு பிரெஞ்சு ஜெட் என்று ஒரு மரியாதையான பெயர் உண்டு. லேசாக, கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் ஜெட்டாக இருக்கலாம், கடினமாக்கிய ரப்பரான வல்கனைட்டாகவும் இருக்கலாம். வல்கனைட்டை விரலால் நன்றாகத் தேய்த்து முகர்ந்தால் கந்தக வாடை வரும், பழசானால் கறுப்பு மங்கிப் பழுப்பேறும். ஜெட்டை மெருகிடாத பீங்கானில் இழுத்தால் பழுப்புக் கோடு விழும், ஆனால் இந்தச் சோதனையை வாங்கிய பிறகு வீட்டில் செய்யுங்கள், ஏலக்கூடத்தில் செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

கேமியோவும் அப்படித்தான், பெண் முகம் புடைப்பாக இருக்குமே, அது. நேப்பிள்ஸ் பக்கத்தில் டோரே டெல் கிரேக்கோ என்ற ஊரே சிப்பியில் இதைச் செதுக்கிப் பிழைத்தது. கைபேசி டார்ச்சைப் பின்னால் பிடியுங்கள். சிப்பி என்றால் வெளிச்சம் தேன் நிறத்தில் ஊடுருவும், பின்பக்கம் லேசாகக் குழிந்திருக்கும், மயிரிழை விரிசல் இருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும். கூந்தல் சுருளையும் மூக்கு ஓரத்தையும் லென்ஸில் பாருங்கள். உளி போன கூர்மை இருக்க வேண்டும். எல்லா ஓரமும் சோப்பு கரைந்ததுபோல் மழுங்கியிருந்தால் அது அச்சில் ஊற்றியது.

அமெரிக்க ஃபேஷன் நகைகள் தனி உலகம், தங்கமும் இல்லை வைரமும் இல்லை, ஆனாலும் வேலைப்பாட்டுக்காகவே விலை போகும். ட்ரைஃபாரி, கோரோ, மிரியம் ஹாஸ்கெல், ஐசன்பெர்க் ஆகியவை அதில் பெரிய பெயர்கள். ட்ரைஃபாரியில் 1930 முதல் 1968 வரை தலைமை வடிவமைப்பாளராக இருந்த ஆல்ஃபிரட் ஃபிலிப், கண்ணாடிக் கல்லை உயர்ந்த ரத்தினத்துக்குரிய கவனத்தோடு பதிக்க வைத்தவர். இதிலும் காலம் சொல்லும் தடயங்கள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் மலிவு உலோகம் எல்லாம் ராணுவத்துக்குப் போனதால் அந்தச் சில வருடங்களில் வெள்ளியில் செய்தார்கள். பெயரோடு ஸ்டெர்லிங் என்ற முத்திரையும் இருந்தால் பெரும்பாலும் போர்க்காலத்தது. வட்டத்துக்குள் சி எழுத்து, அதாவது காப்புரிமைக் குறி, பெயருக்குப் பக்கத்தில் இருந்தால் 1955-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தது. எண்ணெய் மிதக்கும் தண்ணீர்போல வானவில் நிறம் அடிக்கும் கல் இருந்தால் அந்தப் புரோச்சை 1930-களது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அந்தப் பூச்சு ஸ்வராவ்ஸ்கி என்ற கண்ணாடிக் கல் நிறுவனத்திலிருந்து வந்ததே 1950-களின் நடுவில்தான்.

நம்மவர்களுக்கு மட்டும் சாதகமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 19-ம் நூற்றாண்டில் மதராஸில் மவுண்ட் ரோட்டு பி. ஆர் அண்ட் சன்ஸ் கடையும் வேறு சில பட்டறைகளும், கோயில் விக்கிரகங்களின் பாணியில் சாமி உருவங்களைத் தட்டி எழுப்பி வெள்ளியிலும் தங்கத்திலும் நகை செய்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றன. சுவாமி நகை என்றே அதற்குப் பெயர். அவற்றில் புரோச்சுகள் உண்டு, அவை அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வழியாக இன்று இங்கிலாந்து ஏலங்களுக்கு வருகின்றன. கேட்லாக் எழுதுகிறவருக்கு அது ஓர் இந்தியக் கடவுள், அவ்வளவுதான். சில நேரம் பர்மா வெள்ளி என்றுகூட எழுதிவிடுவார். வாகனம் மயிலா கருடனா ரிஷபமா என்று நமக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஆகவே தேடும்போது சுவாமி என்ற சொல்லோடு நிறுத்தாமல், இந்திய வெள்ளி, பர்மிய வெள்ளி, கீழைத்தேய வெள்ளி என்று எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள். ஒன்று மட்டும் வேண்டாம். தங்கத்தில் கட்டிய புலிநகப் புரோச். அந்தக் காலத்தில் நிறையச் செய்தார்கள், இன்றும் தலைகாட்டும், ஆனால் இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதைத் தொடவே விடாது. யானைத் தந்தம் பிரிட்டனிலேயே 2022 ஜூன் முதல் சில விலக்குகள் தவிர விற்கக் கூடாது. ஆமை ஓட்டுக்கும் கட்டுப்பாடு உண்டு. எல்லை தாண்டி அனுப்பும் எண்ணம் இருந்தால் இவற்றின் பக்கமே போகாதீர்கள்.

பின்பக்கம் சொல்லும் கதை

கவிழ்த்தாயிற்று. முதலில் கொக்கி. சி எழுத்துபோல வளைந்த ஒரு கம்பித் துண்டு, ஊசி அதற்குள் போய்ச் சும்மா உட்காருகிறது, பூட்டு எதுவும் இல்லை என்றால் அது பெரும்பாலும் 1910-க்கு முந்தைய புரோச். குழாய்க்குள் ஊசி முனை போய், குழாயை இழுத்துத் தள்ளி மூடுகிற மாதிரி இருந்தால், ட்ரோம்போன் கொக்கி என்பார்கள், ஐரோப்பியக் கண்டத்துப் பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். சின்ன வளையம் உருண்டு வந்து ஊசியைப் பூட்டுகிற, இன்றும் நாம் பார்க்கிற கொக்கி 20-ம் நூற்றாண்டில் பரவியது. அடுத்து ஊசி. புரோச்சின் ஓரத்தைத் தாண்டி ஊசி முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது பழசுக்கு நல்ல அடையாளம், பூட்டு இல்லாத காலத்தில் துணிக்குள் திரும்ப மாட்டிவைக்கத்தான் அந்த நீளம். ஊசியும் தடிமனாக இருக்கும்.

இவை எதுவும் தனியாகச் சாட்சி ஆகாது, ஏனென்றால் கொக்கி உடைந்தால் மாற்றுவார்கள். பத்து மடங்கு லென்ஸை எடுத்துக் கொக்கியும் கீலும் உடம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். நம்மூர் பத்தர் கடையில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: வெள்ளிப் பொடி வைத்து ஒழுங்காகப் பற்ற வைத்த இடம் தண்ணீர்போல ஓடிச் சேர்ந்திருக்கும், ஈயத்தில் அவசரமாகப் பற்ற வைத்தால் சாம்பல் நிறத்தில் கொப்புளம்போலத் தெரியும். ஈயப் பற்று இருந்தால் விலை இறங்க வேண்டும், நல்ல பத்தரால்கூட அதைச் சுத்தமாக எடுத்துவிட்டு மறுபடி செய்வது கஷ்டம். பின்பக்கத்தில் சம்பந்தமில்லாமல் பழைய பற்றுத் தடம் இரண்டு தெரிந்தால், அந்தப் புரோச் முன்பு வளையலின் நடுத்துண்டாகவோ சட்டைப் பொத்தானாகவோ தொப்பி ஊசியாகவோ இருந்து பின்னால் புரோச் ஆக்கப்பட்டிருக்கலாம். எனக்கு அதில் வருத்தம் இல்லை, விலையில் அது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் முத்திரை. இங்கிலாந்தில் சோதித்த வெள்ளி என்றால் நடக்கும் சிங்கம் இருக்கும். நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் சோதித்தது, நீங்கள் பார்க்கப் போகும் வெள்ளிப் புரோச்சுகளில் நங்கூரம்தான் அதிகம் வரும், ஏனென்றால் நகைப் பட்டறைகள் ஒரு பேட்டையாகவே அங்கே இருந்தன. சிறுத்தைத் தலை லண்டன், கோட்டை எடின்பரோ. பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும், அதுதான் வருடம்; எழுத்தின் உருவத்தையும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் இணையத்தில் கிடைக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டால் செய்த வருடமே தெரிந்துவிடும். தங்கத்தில் நம் 22 காரட் கணக்கை மறந்துவிடுங்கள். 9 காரட் என்றால் ஆயிரத்தில் 375 பங்குதான் தங்கம், 4 கிராம் புரோச்சில் ஒன்றரை கிராம். 15 காரட் என்று முத்திரை இருந்தால் அந்த எண்ணே ஒரு தேதிதான், பிரிட்டனில் அந்தத் தரம் 1854-ல் வந்து 1932-ல் போய்விட்டது. ஆர்டி என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருந்தால் வடிவத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள், 1884-க்குப் பிந்தையது. பிரான்சில் செய்த 18 காரட் தங்கத்தில் கழுகுத் தலை இருக்கும், எள் அளவுதான், பெரும்பாலும் ஊசியின் தண்டிலோ கொக்கியிலோ ஒளிந்திருக்கும். முத்திரையே இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம், விக்டோரியா காலத் தங்கப் புரோச்சுகள் பலவற்றில் கிடையாது.

காந்தம் கொண்டு போங்கள், ஆனால் ஊசியில் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். வளையாமல் இருப்பதற்காக ஊசியை எஃகில் செய்வது உண்டு. உடம்பில் ஒட்டுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பின்பக்கம் பார்க்காமல் நான் எடுத்த ஒன்றைச் சொல்கிறேன். நீல எனாமல் வண்ணத்துப்பூச்சி, இணையத்தில் படம் பார்த்தேன், படத்தில் சிறகு அப்படி ஒரு நீலம், நள்ளிரவுக்குக் கொஞ்சம் முந்தின வானம்போல. ஒரே ஒரு படம், முன்பக்கம் மட்டும். பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்லும் நிலை அறிக்கை கேட்டிருந்தால் இலவசமாக அனுப்பியிருப்பார்கள், நான் கேட்கவில்லை. பெட்டி வந்து திறந்தபோது கீழ்ச் சிறகின் நுனியில் அரிசி மணியில் பாதி அளவுக்கு எனாமல் பெயர்ந்து, அந்த இடத்தில் நகப்பூச்சுபோல எதையோ தடவியிருந்தார்கள். எனாமலை முன்னைப்போல ஆக்க வேண்டுமானால் மறுபடி சூளையில் வைக்க வேண்டும், அந்தச் செலவுக்கு இன்னொரு வண்ணத்துப்பூச்சியே வாங்கலாம். அதிலிருந்து, எதை எடுப்பதாக இருந்தாலும் மூன்று படம் கேட்டு எழுதுகிறேன்: பின்பக்கம் முழுதாக, கொக்கி கிட்டத்தில், சாய்வு வெளிச்சத்தில் முன்பக்கம். கூடவே, ஏதாவது கல்லோ எனாமலோ பின்னால் மாற்றப்பட்டதா என்று ஒரு கேள்வி. பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

கேட்லாக் மொழி

ஏலக்காரர்கள் பொய் சொல்வதில்லை, ஆனால் அவர்கள் எழுதுவதைப் படிக்கப் பழக வேண்டும். மஞ்சள் உலோகம் என்று எழுதியிருப்பார்கள். ஹால்மார்க் இல்லாததைத் தங்கம் என்று விற்பதற்கு பிரிட்டனில் 1973-ம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது, 1950-க்கு முந்தைய பொருளுக்கு விலக்கு இருந்தாலும் பல கூடங்கள் வம்பு வேண்டாம் என்று இப்படியே எழுதிவிடும். அதனால் மஞ்சள் உலோகம் பித்தளையாகவும் இருக்கலாம், 15 காரட்டாகவும் இருக்கலாம்; நேரில் பார்ப்பவருக்கு இங்கேதான் வாய்ப்பு. ஏ/எஃப் என்று இரண்டு எழுத்து இருந்தால் உடைசல் உண்டு என்று பொருள், எங்கே என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். விக்டோரியன் என்பது வேறு, விக்டோரியன் பாணி என்பது வேறு. பாணி என்ற சொல் வந்தாலே அது போன வருடம் செய்ததாகக்கூட இருக்கலாம். எடை போட்டிருந்தால் அது கல், ஊசி எல்லாம் சேர்த்த எடை.

எனக்கு மிகவும் பிடித்தது பட்டியலின் கடைசியில் வரும் கலவை லாட்டுகள், ஒரு தட்டு நிறைய புரோச், இருபதோ முப்பதோ, ஒரே விலை. அதில் பாதி எதற்கும் ஆகாது. ஆனால் கேட்லாக் எழுதுகிறவர் அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்திருக்க மாட்டார். நேரில் போக முடிந்தால் ஒரு மணி நேரம் அந்தத் தட்டோடு உட்காருங்கள்.

பர்ஜஸ் புரோச் கதையைக் கேட்டிருப்பீர்கள். வில்லியம் பர்ஜஸ் என்ற 19-ம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த வெள்ளிப் புரோச், பவளமும் மரகதப் பச்சை மலக்கைட்டும் நீல லேப்பிஸும் வைத்தது, 1988-ல் ஒரு பழம்பொருள் சந்தையில் 20 பவுண்டுக்கு வாங்கப்பட்டது. ஜெஃப்ரி மன் என்ற நகை நிபுணர் ஆண்டிக்ஸ் ரோட்ஷோ நிகழ்ச்சியில் காட்டிய பர்ஜஸின் கைவரைபடங்களோடு அது ஒத்துப்போவது பின்னால் தெரிந்து, 2024 மார்ச்சில் லெஸ்டர்ஷயரின் கில்டிங்ஸ் ஏலத்தில் 9,500 பவுண்டுக்குப் போனது. அதை நம்பி ஏலத்துக்குப் போகாதீர்கள். அந்தப் புரோச்சை வாங்கியவர் முப்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்தார் என்பதை மட்டும் கவனியுங்கள். பிடித்ததால் வாங்கினால் விலை ஏறாவிட்டாலும் நஷ்டம் இல்லை.

செய்கூலி, சேதாரம் மாதிரி

நகைக்கடையில் கிராம் விலையை மட்டும் பார்த்துப் போய், பில்லில் செய்கூலி சேதாரம் ஏறி நிற்பதைப் பார்த்து முழித்த அனுபவம் எல்லாருக்கும் இருக்கும். ஏலமும் அப்படித்தான். சுத்தியல் விழும் விலை உங்கள் விலை இல்லை. 60 பவுண்டுக்கு எடுத்தீர்கள் என்று வையுங்கள். அதன்மேல் வாங்குபவர் கமிஷன், கூடத்துக்குக் கூடம் மாறும், 25 சதவீதம் என்றால் 15 பவுண்டு. அந்தக் கமிஷனுக்கு 20 சதவீத வாட் வரி, 3 பவுண்டு. தி சேல்ரூம் மாதிரி தளம் வழியாக வீட்டிலிருந்து கேட்டால் தளத்துக்கு ஒரு பங்கு, 5 சதவீதம் என்றால் 3 பவுண்டு, அதற்கும் வாட் 60 பென்ஸ். தபால், காப்பீடு 12 பவுண்டு. ஆக 93 பவுண்டு 60 பென்ஸ். ஒன்றரை மடங்கு! சென்னைக்கோ கொழும்புக்கோ வரவழைத்தால் சுங்க வரி தனி, அதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். நேரில் போய்க் கேட்டு நேரில் எடுத்து வந்தால் தளக் கட்டணமும் தபாலும் மிச்சம்.

அதனால் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். கையை விட்டு மொத்தம் எவ்வளவு போகலாம் என்று முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கிக் கழித்து, கேட்க வேண்டிய உச்ச விலையைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எஸ்டிமேட், அதாவது கூடத்தின் உத்தேச விலை, 40 முதல் 60 என்று போட்டிருப்பதை விலை என்று எண்ண வேண்டாம், ஆளை இழுக்க வேண்டுமென்றே குறைத்துப் போடுவதும் உண்டு. அதே கூடத்தின் பழைய ஏல முடிவுகளில் அதுபோன்ற புரோச் எவ்வளவுக்குப் போயிருக்கிறது என்று ஐந்தாறு பார்த்தால் நிலவரம் பிடிபடும். பெயர் பெற்றவர்களின் புரோச்சை வைத்து எதையும் அளக்காதீர்கள்: வின்ட்சர் சீமாட்டி வாலிஸ் சிம்ப்சனின் இறகுப் புரோச்சை 1987-ல் ஜெனிவா ஏலத்தில் எலிசபெத் டெய்லர் வாங்கினார், அவர் இறந்த பிறகு 2011 டிசம்பரில் நியூயார்க்கில் அது 13 லட்சம் டாலருக்குப் போனது. அங்கே விலைபோனது வைரம் பாதி, அணிந்த இரண்டு பெண்கள் பாதி.

முதல் ஏலத்தில் எதையும் கேட்காமல் முழுசாகப் பாருங்கள், இணையத்தில் நேரலை வரும். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று நிதானமாக இழுக்க மாட்டார்கள், மணிக்கு நூறு லாட் ஓடும், ஒன்றுக்கு அரை நிமிடம்தான். உங்கள் லாட் எண்ணை வைத்து எத்தனை மணிக்கு வரும் என்று கணக்குப் போட்டுக் கொஞ்சம் முன்னாலேயே வந்து உட்காருங்கள். இணையம் ஒரு நொடி பின்தங்கும், கடைசி நொடிக்காகக் காத்திருந்தால் சுத்தியல் விழுந்துவிடும். உணர்ச்சி வசப்படுகிற ஆள் என்றால், உச்ச விலையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். ஏலக்காரர் உங்கள் சார்பில் கேட்பார், எதிராளி நின்றுவிட்டால் உச்சத்துக்குப் போகாமல் குறைந்த விலைக்கே முடித்துவிடுவார். எழுதிய விலை வந்ததும் நிறுத்துங்கள். இன்னும் ஒரே ஒரு அஞ்சு பவுண்டு என்று தோன்றும், அப்போது எதிரில் இருப்பவருக்கும் அதேதான் தோன்றிக்கொண்டிருக்கும். பொதுவாக, ஏலத்தில் எடுத்ததைப் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகு

கழுவாதீர்கள். பழைய கண்ணாடிக் கல் புரோச்சுகளில் கல்லுக்கு அடியில் பளபளப்புக்காக மெல்லிய தகடு வைத்து மூடியிருப்பார்கள், தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுத்துக் கல் செத்துவிடும், மீட்க வழியில்லை. முத்து, பவளம், கேமியோ, எனாமல் எதையும் வெள்ளி பாலிஷ் திரவத்தில் முக்க வேண்டாம். உலர்ந்த மெல்லிய தூரிகை, மென்மையான துணி, போதும். வெள்ளியின் பள்ளங்களில் நிற்கும் கறுப்பை முழுக்க எடுத்துவிடாதீர்கள், அந்தக் கறுப்புதான் வேலைப்பாட்டைக் காட்டுகிறது.

குத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பழைய ஊசி தடிமன், ஒற்றைப் பட்டில் குத்தினால் ஓட்டை நிற்கும், கனமான புரோச் துணியை இழுத்துத் தலைகுப்புறத் தொங்கும். கோட்டு மடிப்பு, கம்பளிச் சால்வை, டெனிம் சட்டை, துணிப்பை இவற்றில் கவலையில்லை. சேலையில் என்றால் தோளில் மடிப்பு எல்லாம் சேர்ந்து தடித்திருக்கும் இடத்தில், ரவிக்கையோடு சேர்த்து, உள்பக்கம் ஒரு சின்ன ஃபெல்ட் துண்டு வைத்துக் குத்துங்கள். புதுக் காஞ்சிப் பட்டின் ஜரிகையில் மட்டும் வேண்டாம்.

பூட்டு இல்லாத சி கொக்கியை மாற்றிப் புதுக் கொக்கி வைக்கச் சொல்லிப் பலர் பத்தரிடம் கொடுத்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள், அதன் வயதுக்கு இருக்கும் ஒரு முக்கியச் சாட்சியை அழிப்பது அது. ஊசி முனையில் மாட்டுகிற சின்ன ரப்பர் தடுப்பு கிடைக்கிறது, சில பைசா விலை. அதைவிட நல்லது பழைய வழி. அம்மாவின் இலைப் புரோச்சை நான் கேட்டு வாங்கிக் கவிழ்த்தபோது, கீலின் பக்கத்தில் ஒரு வளையமும், அதிலிருந்து இரண்டு அங்குலச் சங்கிலியும், சங்கிலி முனையில் குழந்தை ஊசி அளவில் ஒரு பின்னும் இருந்தன. படத்தில் அது தெரியாது, துணிக்குப் பின்னால் இருக்கும். புரோச் ஊசி கழன்றாலும் அந்தச் சின்ன பின் பிடித்துக்கொள்ளும். பல புரோச்சுகளில் அந்தச் சங்கிலி அறுந்து வளையம் மட்டும் மிஞ்சியிருக்கும், எந்தப் பத்தரும் பத்து நிமிடத்தில் புதுச் சங்கிலி கோத்துக் கொடுத்துவிடுவார்.